வேண்டாம் சொல்லப் பழக்குபவர்

"கழத்தட்டா மக்கா?" என்று துணிப் பொம்மையிடம் கேட்டுவிட்டுத்தான் அதன் சட்டைப் பொத்தானில் கை வைக்கிறார் ஷாஜிதா பேகம். பொம்மைக்காக வகுப்பு பதில் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்று வந்துவிட்டால், அன்றைய பாடம் பொத்தான் போட்டபடியேதான் நடக்கும்.

குளச்சல்காரர். முட்டத்தில், அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையத்தில் ஆசிரியை. மாணவர்கள் எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள். ஊருக்கு மட்டும் இன்னும் குழந்தைகள். மாதவிலக்கு, மீசை, ஆசை, யார் எங்கே தொடலாம், யாரைத் தொடுமுன் கேட்க வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார். மூக்கு, காது என்று சொன்ன அதே குரலில் மிச்ச உறுப்புகளையும் சொல்கிறார். வகுப்பைப் பார்க்கப் போய்ப் பின்வரிசையில் இருந்த நான்தான் நெளிந்தேன். இடைவேளையில் என்னை ஒரு பிடி பிடித்தார். "பேரு தெரியாத எடத்துல வலிச்சா பிள்ளை என்னண்ணு சொல்லும்?"

ஒரே பாடத்தை வாரக்கணக்கில் நடத்துவார். மறுநாள் மறந்து வந்தாலும் முகம் சுளிப்பதில்லை. "மறந்தா என்ன, எனக்கு வேற சோலியா?" இந்தப் பொறுமைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நான் போயிருந்த அன்று நேசம்மாள் என்பவர், மகள் ரெஜிஷாவை வகுப்பிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிட வந்திருந்தார். முந்தின நாள் கல்யாண வீட்டில், துபாயிலிருந்து வந்த தாய்மாமன் மத்தியாஸ் ஆசையாகக் கட்டிப்பிடிக்க, இருபத்துநான்கு வயது மருமகள் பந்தலே திரும்பிப் பார்க்கும்படி "விடு" என்று கத்திவிட்டாளாம்.

"நாணக்கேடாப் போச்சு டீச்சரே. இதெல்லாம் படிச்சுக் குடுத்தா பிள்ளை கெட்டுல்லா போவும்? இனி அனுப்ப மாட்டேன்."

ஷாஜிதா வாதாடவில்லை. நேசம்மாளை மகளுக்கு எதிரே உட்கார வைத்தார்.

"அம்மைக்கிட்ட நீயே சொல்லு மக்கா."

ரெஜிஷாவுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். காத்திருந்தோம்.

"மொதல்ல வேண்டாம்ணு மெதுவாத்தான் சொன்னேன். மாமன் சிரிச்சாவ. விடல்ல. வலிச்சு. பொறவுதான் கத்தினேன்."

நேசம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் செல்போனை எடுத்துத் தம்பியை அழைத்தார்.

"ஏலே மத்தியாசு, எனக்க பிள்ளை வேண்டாம்ணு சொன்னா வேண்டாந்தான், கேட்டியா..."

ஷாஜிதா ஓசைப்படாமல் எழுந்து போய், தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார், ரெஜிஷாவுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று.