பல் டாக்டரின் பேரரசன்

கதை எழுதுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் குறைவில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சம் பல் டாக்டரை மட்டும் தொடவில்லை. அவருடைய நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்து ஓட முடியாது. வாயில் பஞ்சு, கன்னத்தில் மரத்துப்போக வைக்கும் ஊசி, முகத்துக்கு நேரே விளக்கு. இப்படி வசமாக மாட்டிக்கொண்டவர்களிடம்தான் அவர் தன் மகா காவியத்தை அவிழ்த்துவிடுவார்.

காவியத்தின் பெயர் ‘நீலாக்கினிப் பேரரசன்’. ஐந்து பாகங்கள் முடிந்து ஆறாவது நடந்துகொண்டிருந்தது. நீலாக்கினி ஒரு மாய தேசம். அங்கே வானத்தில் ஏழு நிலவுகள், மலைகள் அலுத்துப்போனால் இடம் மாறி உட்காரும், நதிகள் மேல்நோக்கி ஓடும். பேரரசன் அசகாய சூரன், வாளை உருவினால் இடி இடிக்கும். டிராகன்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு டிராகன் நெருப்பைக் கக்க வாயைத் திறந்ததுமே டாக்டருக்குத் தொழில் புத்தி வந்துவிடும். கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல் சாய்ந்து முளைத்திருந்தது, ஈறு வீங்கியிருந்தது, உடனே கவனிக்க வேண்டிய நிலை என்று அரைப் பக்கம் ஓடும். நெருப்பு பாவம், அதுவரை தொண்டையில் காத்திருக்கும்.

“எப்படிப் போகுது கதை?” என்று அவர் கேட்கும்போது, கேட்கப்பட்டவரின் வாயில் இரண்டு கருவிகளும் ஒரு கண்ணாடியும் இருக்கும். “ஆ...” என்பார் அவர். டாக்டருக்கு அது பாராட்டு. வலியில் கண் கலங்கிவிட்டாலோ, பேரரசனின் தாய் உயிர்விட்ட இடம் ஆளை உருக்கிவிட்டது என்று முடிவு கட்டி, அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் சொல்வார். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட குறை சொன்னதில்லை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பக்கத்தில் அவருடைய மனைவி எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐந்து பாகத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். அவளிடம் அபிப்பிராயம் கேட்கலாம் என்று டாக்டருக்குத் தோன்றியதே இல்லை. வீட்டு ஆள்தானே, அவளுக்கு என்ன தெரியப்போகிறது!

பதிப்பகங்கள் மட்டும் டாக்டரின் நாற்காலியில் வந்து உட்காராமல் தப்பித்துக்கொண்டிருந்தன. அவர் அனுப்பிய கதைக்கட்டு பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. மனிதர் வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளே நொந்துதான் போயிருந்தார். ஐம்பது தாண்டிவிட்டது. சாவதற்குள் நீலாக்கினி புத்தகமாக வேண்டும். அதற்கு, விஷயம் தெரிந்த ஒருவர் முழுசாகக் கேட்டு, நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வேளையில்தான் எடிட்டரம்மா வந்து சேர்ந்தார்கள். பெரிய பதிப்பகம் ஒன்றில் முப்பது வருஷம் எழுத்தாளர்களை அழவைத்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு போன் போட்டால் புத்தகம் அச்சாகிவிடும். பற்கள் மொத்தமும் போய், முழு செட் கட்ட வந்திருந்தார். பல்லில்லாத வாயில் காற்றுப் போகப் பேசிக் கேவலப்படக் கூடாது என்று, பல் வரும்வரை வெளியாரிடம் வாயே திறப்பதில்லை என வைராக்கியம். கூட வந்த மகள்தான் விவரம் சொன்னாள்.

“அடுத்த மாசக் கடைசியில எங்க அத்தை வெளிநாட்டுல இருந்து வர்றாங்க, டாக்டர். அம்மாவுக்கும் அவங்களுக்கும் கல்யாணமான நாள்ல இருந்தே ஆகாது. பல்லு இல்லாம நாத்தனாரோட சண்டை போட முடியாதாம். அதுக்குள்ள கட்டிக் குடுத்துடுங்க.”

“அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்” என்றார் டாக்டர். அளவெடுக்கும் பசையை எடிட்டரம்மாவின் வாயில் வைத்து, அது இறுகுவதற்குள் ஏழு நிலவுகளையும் உதிக்கவைத்துவிட்டார். எடிட்டரம்மா தலையை ஆட்டினார்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் வராத வாரமில்லை. மெழுகு செட் வைத்துப் பார்க்க ஒரு நாள், நிறம் பார்க்க ஒரு நாள், பார்த்த நிறத்தை மறுபடி பார்க்க ஒரு நாள். இரண்டு தடவையில் முடிகிற வேலையை டாக்டர் நாலாம் பாகம்வரை இழுத்தார். எடிட்டரம்மா ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். பல் கையில் கிடைக்கிறவரை டிராகனுக்கு மட்டுமென்ன, டிராகனின் பேரனுக்கும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள்.

செட் தயாராகி வந்தபோது டாக்டர் ஐந்தாம் பாகத்தில் பாதி வந்திருந்தார். யுத்தம் உச்சத்தில். இப்போது பல்லைக் கொடுத்தால் அந்த அம்மாள் போய்விடுவார்கள், முடிவை யார் கேட்பது? டப்பாவை மேஜை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். “லேப்ல இன்னும் தீட்டிட்டு இருக்காங்க, மேடம்” என்று கூசாமல் சொன்னார். மனைவி அதைப் பார்த்தாள். அடுத்த வாரமும் பார்த்தாள். அதற்கடுத்த தடவை, பேரரசன் மலையுச்சியில் நின்று சேனைக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தபோது, அவள் நடுவில் புகுந்து மேஜை இழுப்பறையைத் திறந்து, டப்பாவை எடிட்டரம்மாவின் மடியில் வைத்தாள்.

“மன்னிச்சிடுங்கம்மா. செட் எப்பவோ வந்தாச்சு. நாளைக்கு உங்க நாத்தனார் வர்றாங்கள்ல?”

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. எடிட்டரம்மா அவசரப்படவில்லை. மேல் செட்டைப் பொருத்தினார்கள், கீழ் செட்டைப் பொருத்தினார்கள், கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேசினார்கள். ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழுந்தது. செட் அவ்வளவு அருமையாக அமைந்திருந்தது.

“பல்லு நல்லா கட்டுறீங்க, டாக்டர். இந்தத் தொழிலையே பாத்துக்குங்க.”

“மேடம், கதை...”

“கதையா? ஒரு நாட்டையே படைச்சிருக்கீங்க. மலை நடக்குது, ஆறு ஏறுது. ஆனா அந்த நாட்டுல ஒருத்தராவது ராஜாவுக்குப் பதில் சொன்னாங்களா? மந்திரி நிக்கிறான், படை நிக்குது, ராணி நிக்கிறா. எல்லாரும் வாயைப் பொளந்துட்டு நிக்கிறாங்க. ராஜா மட்டும் பேசிட்டே இருக்கான். அது நாடு இல்ல டாக்டர், உங்க கிளினிக்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்கள். நாத்தனாரின் கதியை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

டாக்டர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். அழுகை வரும்போல இருந்தது. ராணி பேசிய இடம் ஒன்றாவது இருக்கும் என்று ஐந்து பாகத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். இல்லை. ராணிக்கு அவர் நீளமான கூந்தலும் வரிசை தப்பாத பற்களும் கொடுத்திருந்தார், ஒரு வாக்கியம் கொடுக்கவில்லை.

மனைவி கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீயே காட்டிக் குடுத்துட்டியே” என்றார். அவள் அடுத்த கருவியை எடுத்துக் கழுவினாள். வேறு யாரும் மிச்சமில்லாததால் அவளிடமே கேட்டார். “சரி, நீயாவது சொல்லு. ராணி பேசினா என்னதான் பேசியிருப்பா?”

“பேசியிருக்க மாட்டா. மூணாவது பாகத்துலயே அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா.”

“மூணாவது பாகத்துலயா? கோட்டை முற்றுகை நடக்குற நேரம். ராணி அரண்மனையிலதான இருக்கா?”

“நீங்க அப்படி எழுதிட்டு இருந்தீங்க.” அவள் தண்ணீரை நிறுத்தினாள். “கிளினிக்குக்கு வெள்ளையடிச்சாங்களே, அந்த வாரம் பூரா நீங்க மாடியறையில கதவைச் சாத்திட்டு எழுதிட்டு இருந்தீங்க. நான் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன். திரும்பி வர்ற எண்ணம் இல்லாமத்தான் போனேன். எதிர் ஹோட்டல்ல சொல்லி வேளாவேளைக்குக் கேரியர் அனுப்பச் சொன்னேன். வாரம் முடிஞ்சு நானாத்தான் திரும்பி வந்தேன்.”

டாக்டருக்கு அந்தக் கேரியர் நினைவுக்கு வந்தது. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்ததுகூட நினைவுக்கு வந்தது.

“உனக்கு ஒடம்பு சரியில்ல, அதான் ஹோட்டல் சாப்பாடுன்னு நினைச்சேன்” என்றார்.

“ஒடம்பு சரியில்லன்னு நினைச்சீங்கல்ல? கீழ எறங்கி வந்து ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா?”