ஹூம் போடாத மைக்

நேற்று மாலை ரேடியோவில் யாரோ ஒருவர் கதை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் என்னையறியாமல் "ஹூம்" என்றேன். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த தங்கை, "யாரோட பேசறே?" என்று திரும்பிப் பார்த்தாள். ரேடியோவோடு என்று எப்படிச் சொல்வது? சூடேறிய வால்வின் லேசான தீய்ந்த வாசனை என்னை நேராகப் பம்பாயின் செம்பூர்க் குன்றடிக்குக் கொண்டுபோய் விட்டது.

நாற்பதுகளின் கடைசி அது. ரேடியோ மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு, தாராவியில் காதர் பாயின் ஒலிபெருக்கிக் கடையில் சேர்ந்திருந்தேன். ஒரு பெண் வயர் முறுக்குவதைப் பார்க்கவே வாசலில் கூட்டம் நிற்கும். "வேடிக்கைக்கும் வாடகை உண்டுவே!" என்று பாய் தம் திருநெல்வேலித் தமிழில் விரட்டுவார். மைக், ஆம்ப்ளிஃபயர், பாட்டரி, குழாய், வயர் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் சாமான்களை வண்டியில் ஏற்றுவேன். இல்லாவிட்டால் எதையாவது மறந்துவிடுவேன் என்று பயம். இவ்வளவு சொல்லியும் ஒன்று விட்டுப்போயிற்று.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று பேச்சு வந்த சமயம். பெயர் பதியும் கூட்டத்துக்காக எங்கள் ஒலிபெருக்கியைக் குன்றடிக்குக் கேட்டார்கள். அங்கே வார்லி ஆதிவாசிகளின் பாடா, அதாவது சின்னக் குடியிருப்பு, இருந்தது. பதிய வந்த குமாஸ்தா, எங்கள் மாட்டுங்காத் தெருவின் மணி மாமாதான்.

"வீட்டு நம்பர் இல்லை, ரசீது இல்லை. நாளைக்கு வேற மலைக்குப் போயிட்டா?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். "இங்கேயே இருக்கறவான்னு வெளியாள் ஒருத்தர் சாட்சி சொல்லட்டும், எழுதறேன். இல்லேன்னா ஒருத்தர் பேரும் கிடையாது."

சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. பாடாவின் கதைசொல்லி சோனிபாய், அங்கே வாழ்ந்த கதையைத் தானே சொல்வதாக எழுந்து மைக் முன்னால் வந்தாள். நான் மகா நிபுணியாக, எல்லோரும் வாயை மூடுங்கள் என்று மராத்தியில் அதட்டினேன். அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நிறுத்திவிட்டாள்.

"ஏ பிள்ளே, மைக் செத்துட்டா?" என்றார் பாய்.

"அது உசிரோடதான் இருக்கு பாய். அவங்கதான் பேசலை."

சோனிபாய் மைக்கை உற்றுப் பார்த்து மராத்தியில் கேட்டாள்: "இந்த இரும்புப் பூ ஏன் ஹூம் போடமாட்டேங்குது?"

நாம் 'உம்' கொட்டுவதுபோல, கேட்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஹூம் போட வேண்டும். போடாவிட்டால் கதை நகராது. அதுதான் அவர்கள் வழக்கம். என் பட்டியலில் விட்டுப்போனது இந்த ஹூம்தான். வாய்களை மூடவைத்தவள் நானே. தடையை நீக்கினேன்.

அப்புறம் கேட்க வேண்டுமே! கல்யாணமாகி வந்த வருஷம் அவள் மாங்கன்று நட்டாள். ஹூம். பெருமழையில் குடிசை போயிற்று, அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். ஹூம். மரத்தடியில் மகன் பிறந்தான். ஹூம்! குழாய் வழியாக அந்த ஒலி ரயில் பாதைவரை போயிருக்கும்.

"அந்த மரம், சாகேப் குடையை மாட்டியிருக்காரே, இதுதான்."

மணி மாமா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். பக்கத்திலேயே மைக். "ஹூம்" என்றார்.

குன்று முழுக்கக் கேட்டது.

"சாகேப் ஹூம் போட்டுட்டார்!" சோனிபாய் கைதட்டினாள். "எங்க வழக்கத்துலே ஹூம் போட்டவர்தான் கதைக்குச் சாட்சி!"

"ஏண்டி கொழந்தே, என்னையே சாட்சியாக்கிட்டாளே!" மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எழுதும் சாமி, ஊரே கேட்டுட்டு!" என்றார் பாய்.

முதல் பெயர் சோனிபாய். பொழுது சாய்வதற்குள் பாடா முழுவதும் ஏறிவிட்டது. பிறகு தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த சோனிபாய் மைவைத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஹூம்?" என்றாள். நானும் "ஹூம்" என்றேன்.

இன்று அந்தக் குன்றடியில் ஆலைச் சுவர். மாமா சொன்னபடியே பாடா இடம் மாறி மான்குர்த் பக்கம் போய்விட்டது. ஆனால் அவர்களாகப் போகவில்லை. மாமரமும் இல்லை. ஒலிபெருக்கி பேசினால் வாயை மூடிக்கொண்டு கேட்க ஊருக்கும் பழகிவிட்டது. அன்றைக்கு ஒரு குன்றே பதில் சொன்னது.