நேரம் முடியும்வரை

போன கிழமை நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் படகுக்காக நின்றேன். பக்கத்தில் நின்ற இளைஞன் கைபேசியில் சுடும் விளையாட்டு ஒன்றில் மூழ்கிப் போயிருந்தான். எட்டிப் பார்த்தேன். மணல் நிறச் சுவர்கள், மரப்பெட்டிகள், வளைவு வாசல். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. இத்தனை வருடமாகியும் உலகம் அந்த விளையாட்டை விடவில்லை. ‘இடப்பக்கம் போகாதே’ என்று சொல்ல வாய்வரை வந்தது. வேட்டியோடு அம்மனைக் கும்பிடப் போகிறவன் அப்படிச் சொன்னால் நன்றாயிராது என்று அடக்கிக்கொண்டேன்.

சண்டை முடிந்து சில வருடங்களில் ஊர்காவற்றுறையில் ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்தேன். வேலை என்றால் பெரும்பாலும் போட்டோக்கொப்பி எடுப்பதுதான். பின்னேரம் வகுப்புகள் முடிந்ததும் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து இதே சுடும் விளையாட்டை விளையாடுவோம். அதனாலோ என்னவோ, சூடான போட்டோக்கொப்பித் தாளை எங்கே முகர்ந்தாலும் எனக்குத் துவக்குச் சத்தம் கேட்கும்.

எங்களில் கெட்டிக்காரன் யூட். விடியத் தகப்பனோடு கடலுக்குப் போய்வந்து, மத்தியானம் படுத்தெழும்பி வருவான். தலைமயிரில் உப்பு காய்ந்திருக்கும். நான் எப்போதும் முதலில் சாகிறவன். அந்த விளையாட்டில் செத்தவர்கள் மற்றவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று மிச்சத்தைப் பார்க்கலாம். நான் விளையாடியதைவிடப் பார்த்ததுதான் அதிகம்.

நிலையத்தில் தட்டச்சு படிப்பித்தவர் வாசுகி அக்கா. வன்னியில் சண்டையின் கடைசி மாதம்வரை இருந்து வந்தவர். கணவர் அங்கே காணாமல் போனார். ஒருநாள் ஆள் குறைந்தபோது யூட் அவரைக் கூப்பிட்டான்.

“சும்மா வந்து இருங்கோ அக்கா, ஆள் எண்ணிக்கைக்குக் காணும்.”

“செத்தால் என்ன செய்யிறது?”

“அடுத்த ஆட்டத்தில எழும்பலாம்.”

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பக்கம் தேடும், மறுபக்கம் ஒளிந்திருக்கும். நேரம் முடியும்வரை ஒருவர் தப்பியிருந்தாலும் ஒளிந்தவர்களுக்கு வெற்றி. செத்தவனாக நின்று அக்காவின் ஆட்டத்தைப் பார்த்தேன். வெளியில் வரவேமாட்டார். காலடிச் சத்தத்தை வைத்தே எவன் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று கண்டுபிடித்து, சுவரோடு சுவராகப் பதுங்கி நகர்வார்.

“முன்னால நிக்கிறான், சுடுங்கோவன் அக்கா!” என்று யூட் கத்துவான்.

“ஏன்? நேரம் முடியட்டும்.”

இதையெல்லாம் எங்கே பழகினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் யூட், அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போகப்போவதாகச் சொன்னான்.

“கடல் உமக்குத் தெரியும்,” என்றார் அக்கா. “அந்தப் படகை ஓட்டப்போறவனைத் தெரியுமோ?”

“இஞ்ச இருந்து என்ன அக்கா செய்யிறது?”

இன்னொரு ஆட்டம் விளையாடினோம். அந்தக் கிழமையே அவன் போய்விட்டான். படகும் சேரவில்லை, செய்தியும் வரவில்லை.

அவனுடைய தாய் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது நிலையத்துக்குள் எட்டிப் பார்ப்பார்.

“தம்பி, கொம்பியூட்டரில ஏதும் போட்டிருக்கோ?”

“இல்லை அம்மா.”

அவர் போனதும் நான் போட்டோக்கொப்பி எடுப்பேன். அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை.

மற்றவர்கள் வருவது நின்றது. ஒரு பின்னேரம் அக்கா தானாகவே வந்து கணினிக்கு முன்னால் இருந்தார். “போடும் தம்பி,” என்றார். நாங்கள் இருவர் மட்டும். நான் தேடுகிற பக்கம். ஒவ்வொரு சந்தும் ஒழுங்கையுமாக நடந்தேன். அவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும், எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அவர் பதுங்கும் அறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். என் காலடி நின்றது அவருக்குக் கேட்டிருக்கும். அவரும் அசையவில்லை. கடிகாரம் ஓடி முடிந்தது.

“இன்னொண்டு,” என்றார்.

அப்படியே சில மாதங்கள் விளையாடினோம். ஒருவரையொருவர் ஒருதரமும் சுடவில்லை. பிறகு அக்கா தங்கையோடு கிளிநொச்சிக்குப் போனார். எல்லாருக்கும் கைபேசி வந்ததும் முதலாளி நிலையத்தை மூடினார். பழைய இரும்புக்காரனின் லொறியில் கணினிகளை நானும் பிடித்து ஏற்றினேன். இப்போது அங்கே சீமெந்து விற்கிறார்கள். யூட்டின் தாய் போன வருடம் காலமானார். அவனைப் பற்றி என்னிடம் கேட்க இப்போது ஒருவரும் வருவதில்லை.