நீல டிரம் தெரியும் ஜன்னல்

ஹைலைட் என்று எழுதியிருக்கும் கோட்டின் மேலுள்ள புள்ளியை மயிரிழை மயிரிழையாக இடப்பக்கம் இழுக்கிறாள். கணினித் திரையில் ஒரு கூடத்தின் படம். அதன் ஜன்னல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. இழுக்க இழுக்க, அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு கிளை வருகிறது, அப்புறம் துணி உலர்த்தும் கயிறு, அதில் ஒரு சிவப்புத் துண்டு. "வந்துட்டியா, வா வா," என்கிறாள். அடுத்து ஷேடோ கோட்டின் புள்ளியை வலப்பக்கம் தள்ளி இருட்டைத் தூக்குகிறாள். சோபாவுக்கு அடியில் சுருண்டிருந்த இருட்டு கலைந்து, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு தெரிகிறது.

வீடு விற்கிறவர்களும் வாடகைக்கு விடுகிறவர்களும் அனுப்பும் படங்களைச் சரிசெய்கிற அலுவலகம் அது. ஜன்னல் வெளுத்துப்போன படமென்றால் எல்லோரும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். அதனால் ஜன்னலக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் ஜன்னலக்காதான். ஒரு நாளைக்கு அறுபது அறை. எதிலும் கால் வைத்ததில்லை, ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டு வருகிறாள். இங்கே நாற்காலி போடலாம், இங்கே மத்தியானம் கண்ணயரலாம் என்று யோசித்தபடியே கொட்டாவிகூட விடுவாள். கடைசியில் துடைக்கிற வேலை. தொங்கும் ஒயர், சுவரிலுள்ள ஆணி எதுவும் படத்தில் தெரியக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. "ஆணி இருந்தா, அங்க ஏற்கெனவே ஆளுங்க வாழ்ந்திருக்காங்கன்னு தெரிஞ்சு போயிடுமாம்," என்று சிரிப்பாள்.

தொட்டில் பழக்கமில்லை என்றாலும் விடுகிற பழக்கமும் இல்லை. பஸ்ஸில் யாராவது வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முகம் கறுத்துத் தெரிந்தால், மடியிலிருக்கும் பையின் மேல் அவள் கட்டைவிரல் தானாக வலப்பக்கம் நகரும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டால் "இப்ப நான் தெரியறேனா?" என்று கேட்டு வெறுப்பேற்றுவார்.

இரண்டு மாதமாக அவளுக்கு ஒரே கவலை, அம்மா. தனியாக இருக்கிற அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, அரை நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். அன்றிலிருந்து காலையில் அம்மா போனை எடுக்கும்வரை மகளுக்கு மூச்சு வருவதில்லை. கூட்டிவந்து வைத்துக்கொள்ள இவர்கள் வீட்டில் கூடுதலாக ஓர் அறை கிடையாது. "எனக்குன்னு ஒரு ரூம் காட்டு. பிடிச்சா வர்றேன். பிடிக்கலன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றாள் அம்மா. அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். எல்லோரும் சேர்ந்து குடிபோக ஒரு வாடகை வீட்டை ஜன்னலக்கா போனில் படம் படமாகத் தேடி, ஒன்றைப் பார்த்ததும் மயங்கிவிட்டாள். அதன் உள்ளறை விடிகாலைக் குளம்போலத் தெளிந்திருந்தது. படத்தை உடனே அம்மாவுக்கு அனுப்பினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பார்க்கப் போனார்கள். உள்ளறைக் கதவைத் திறந்தால் கும்மிருட்டு. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் கண்ணில் அறைந்தது, அறை முன்னைவிட இருண்டுபோனது. எதிர்மாடியில் ஒரு நீல டிரம் நின்றது. ஒரு முழுக் காலை மெனக்கெட்டு அந்த டிரம்மை வெள்ளைக்குள்ளிருந்து மீட்டவள் அவளேதான். எட்டு மாதத்துக்கு முந்தைய வேலை. போனில் நகமளவு படமாகப் பார்த்ததில் அடையாளம் தெரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

"அம்மா, அந்தப் படம் நான் சரிபண்ணினதும்மா. இருட்டைத் தூக்கிவிட்டது நான்தான். நிஜ ரூம் இப்படித்தான் இருக்கு," என்றாள்.

அம்மா நிலைப்படியிலேயே நின்றாள். மகளின் கட்டைவிரல் ஜன்னல் விளிம்பில் இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. கண்ணு பழகட்டும்."

நின்றார்கள். எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல, யாரும் எதையும் இழுக்காமலே, ஓர் அலமாரி வந்தது. சுவிட்சுப் பெட்டி வந்தது. தரையில் பழைய கட்டிலின் நான்கு கால் தடங்கள் வந்தன. வெளியே டிரம்மின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் ஓர் அறை தானாகத் தெளிவதை அவள் நின்று பார்த்ததே இல்லை.

அம்மா உள்ளே வந்தாள். நேராக மூலைக்குப் போனாள். படத்தில் மகள் துடைத்திருந்த ஆணி அங்கே சுவரில் இருந்தது. அதை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, தோளிலிருந்த பையைக் கழற்றி அதில் மாட்டினாள்.