செல்லத்தாயின் பொறுப்பில் இருந்த தண்ணீர்

கமலாம்பாள் வீட்டுத் தோட்டத்தில் செடிக்குச் செடி தண்ணீர் சொட்டும் நானூற்றுப் பதினாறு டிரிப்பர்கள் இருந்தன. அவற்றில் எது எப்போது அடைக்கும் என்பது செல்லத்தாய்க்குத் தெரியும். திருப்பூரிலிருந்து திருமுருகன்பூண்டிக்குப் போகிற சாலையில் இருந்த அந்தப் பங்களாவின் போர்வெல் தண்ணீர் அப்படி. வாளியில் பிடித்து வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அந்த உப்புதான் சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் பத்து நாளைக்கு ஒருமுறை டிரிப்பர்களை வரிசை வரிசையாகக் கழற்றி, ஆசிட் கலந்த வாளியில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்ப மாட்டுவாள். பிறகு குழாயின் கடைசி முனையைத் திறந்துவிட்டு, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை நின்று பார்ப்பாள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்தது 2002 ஆடி மாதம். அதற்கு முந்தின மாதம்தான் அவள் புருஷன் முனீஸ் இறந்துபோயிருந்தான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, பொன்னுச்சாமி என்பவரின் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். ஒரு நாள் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள இறங்கினான், மேலே வரவில்லை. உள்ளே இருந்த வாயு அடித்து மூச்சு முட்டிச் செத்தான் என்று கூட வேலை பார்த்தவர்கள் அவளிடம் சொன்னார்கள். பட்டறை மேனேஜர் கொண்டுவந்த காகிதத்தில் நெஞ்சுவலி என்று எழுதியிருந்தது. செல்லத்தாய் கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டோம் என்று பின்னால் யோசித்தபோது, பேனாவைக் கையில் கொடுத்தார்கள், போட்டேன் என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

அவள் அழவும் இல்லை. ஊரிலிருந்து வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவர்கள் தோளுக்கு மேலாகக் கொடியில் கிடந்த முனீஸின் லுங்கியைப் பார்த்து, தூறல் விழுகிறதே, எடுக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்ததும் பொன்னுச்சாமியே ஆள் அனுப்பி, தன் அக்கா கமலாம்பாள் வீட்டில் அவளைத் தோட்ட வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஆறு வயது மகள் ஆஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றுதான் ஆஷாவிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கமலாம்பாளுக்கு முழங்கால் வலி. எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்தும் மகன், வெளிநாடு போய் வந்த பிறகு, பின்பக்கத்து வராந்தாவில் ஒரு ஸ்பா தொட்டி வாங்கி வைத்தான். சுடுதண்ணீர் நாலு பக்கத்திலிருந்தும் பீய்ச்சி, அடியிலிருந்து குமிழிகள் கிளம்பும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கமலாம்பாள் நைட்டியோடு அதில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். அதைப் பொருத்த வந்த மெக்கானிக் ராபின், நாசரேத்துக்காரன், பராமரிப்பு வேலைகளைச் செல்லத்தாய்க்குச் சொல்லிக்கொடுத்தான். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட வேண்டும், அது மஞ்சளாக மாறும். மஞ்சள் வெளிறினால் குளோரின் போதாது. வாரம் ஒருமுறை ஃபில்டரை மடிப்பு மடிப்பாகப் பிரித்து அலச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க இறக்க வேண்டும்.

அவளுக்கு அந்த வேலை ஒத்துவந்தது. என்ன செய்யச் சொன்னார்களோ அதைச் செய்தால் மோட்டார் ஓடும். அவளிடம் அது வேறு எதையும் கேட்பதில்லை. திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறைகளிலிருந்து காற்றில் வரும் கல்தூசு இலைகளில் படிந்தால் ஸ்ப்ரிங்க்ளரைத் திருப்பிவிடுவாள். பூத்தது, காய்த்தது எல்லாம் கண்ணில் பட்டது. சந்தோஷப்பட்டாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஸ்பாவிலிருந்து இறக்கும் தண்ணீரும் மாடியில் விழும் மழைத்தண்ணீரும் தோட்டத்து மூலையில் ஒரு நிலத்தடித் தொட்டியில் சேரும். குளோரின் அடங்கிய பிறகு புல்தரைக்குப் பாய்ச்ச அது. 2006 பங்குனியில் அந்தத் தொட்டிக்குள் இருந்த மோட்டார் நின்றுபோனது. ராபினை வரவழைத்தார்கள். பல மாதம் திறக்காத இரும்பு மூடியை அவன் நெம்பித் தள்ளினான். அழுகின இலை நாற்றம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவன் ஏணியில் கால் வைத்தான்.

"இறங்காத தம்பி," என்றாள் செல்லத்தாய்.

"எக்கா, அஞ்சு நிமிசத்து வேலை."

"இறங்காதன்னு சொல்லுதேன்லா."

அவள் போய் ஒரு பெயிண்ட் டப்பாவில் அகல் விளக்கை ஏற்றி வைத்து, கம்பி கட்டிக் கொண்டுவந்தாள். ராபினைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டப்பாவை மெல்ல உள்ளே இறக்கினாள். ஆள் உயரம்கூடப் போகவில்லை, விளக்கு அணைந்தது. மேலே இழுத்து, திரும்ப ஏற்றி இறக்கினாள். திரும்பவும் அணைந்தது.

ராபின் ஏணியிலிருந்து காலை எடுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு யாரும் இறங்கவில்லை. மோட்டாரோடு இணைத்திருந்த குழாயில் கயிற்றைக் கட்டி, இருவருமாக மோட்டாரை மேலே இழுத்துப் போட்டார்கள்.

வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கமலாம்பாள் மெதுவாக நடந்து வந்தார். "ஏம்புள்ள, இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தது?"

"கிணறு வெட்டுறவங்க செய்வாங்கம்மா. எங்க வீட்டுக்காரர் போன பெறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்துச்சு."

"அவனுக்கு நெஞ்சுவலின்னல்ல எந்தம்பி சொன்னான்?"

"இல்லம்மா. தொட்டியில சேறு அள்ள இறங்கினாரு. வாயு அடிச்சிருச்சு. வெளிய எடுக்கையில வாயெல்லாம் சாயம்."

பட்டறையில் நடந்ததை நாலு வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். கடையில் சாமான் கேட்பது மாதிரித்தான் குரல் வந்தது. கமலாம்பாள் ராபினைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைத்தான். கமலாம்பாள் உள்ளே போனார். அன்று மத்தியானம் ஸ்பாவுக்கு வரவில்லை. சூடாக்கி வைத்த தண்ணீர் மூடியின் அடியிலேயே ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுச்சாமி வந்தார். அக்காவும் தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். போகும்போது அவர் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றார்.

"டிரிப்பெல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்கய்யா."

"புள்ள என்ன படிக்குது?"

"அஞ்சாவதுங்க."

அவர் குனிந்து ஒரு டிரிப்பரில் சொட்டு விழுவதைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அவரைப் பார்த்தால் தனக்குக் கோபம் வரும் என்று செல்லத்தாய் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. குனிந்து, விட்ட இடத்திலிருந்து டிரிப்பரை மாட்டினாள்.

மறுநாள் கமலாம்பாள் அவளைக் கூப்பிட்டார். "கேட்டேன். பேசாம உக்காந்திருந்தான். எனக்கு இத்தன நாளாத் தெரியாது, சாமி சத்தியமா. நா என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

செல்லத்தாய் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "அந்தத் தொட்டிக்கு இரும்பு மூடிய எடுத்துட்டு, கம்பி அழி போட்டா நல்லதும்மா. காத்து போய் வரும்."

கமலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே ஆள் வந்து கம்பி அழி போட்டுவிட்டுப் போனான். பத்து நாள் கழித்து, முழங்கால் வலி தாங்காமல், கமலாம்பாள் திரும்ப ஸ்பாவில் உட்கார்ந்தார். செல்லத்தாய்தான் கைபிடித்து இறக்கிவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது ஆஷாவிடம் சொன்னாள். "அப்பாவுக்கு நெஞ்சுவலி இல்ல. தொட்டிக்குள்ள மூச்சு முட்டிச் செத்தாரு."

"தெரியும்மா," என்றாள் ஆஷா. "மூணாவது படிக்கையிலயே கூடப் படிக்கிற புள்ள சொல்லிருச்சு. அவங்க அப்பாவும் அங்கதான் வேலை."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீ அழுவியோன்னு."

செல்லத்தாய் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். தட்டில் விழுந்த சோறு பாதியாகவே நின்றது. ஆஷா தானே மீதியைப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கும் போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு செல்லத்தாய் எழுந்திருக்காமல், கை காயும்வரை தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

2009-ல் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, மகன் பங்களாவைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனான். செல்லத்தாய் ஸ்பாவின் தண்ணீரைக் கடைசியாக இறக்கி, குழாய்களில் நின்ற ஈரத்தை ஊதி எடுத்து, தொட்டியைத் துணியால் துடைத்து மூடினாள். புறப்படும்போது கமலாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் நகர்ந்ததும் விட்டார்.

ராபின் அதற்குள் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தான். அவளை வேலைக்குக் கூப்பிட்டான். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் மூன்று ஏக்கருக்குச் சொட்டுநீர். எல்லாக் குழாயும் அடைத்துக் கிடக்கிறதாம். பிரஷ், ஆசிட் கேன், ரப்பர் கையுறை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பல்லடம் தாண்டியதும் தூங்கிப்போனாள். ஏழு வருஷத்தில் பகலில் அவள் கண் அசந்தது அன்றுதான். காற்றாலைகள் வந்து போனதும் தெரியவில்லை. உடுமலை ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து கம்பியைத் தட்டி, "ஏனுங்க, எந்திரிங்க, ஊரு வந்துருச்சுங்க," என்றார்.