கன்றின் நெற்றியில் திருநீறு

எங்கள் வீட்டு நாம்பன் கன்று ஒரு மாதம் முழுக்கச் சைவப்பழமாக வாழ்ந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் திருநீறு இல்லாமல் அதை ஒருவரும் பார்த்ததில்லை. பூசிவிட்டது நான். புத்தூரில் வேறெந்த மாடும் இவ்வளவு பக்தியோடு புல்லுத் தின்றிருக்காது. "உவனுக்குப் பக்தி முத்திப்போச்சு" என்று ஐயா சிரிப்பார். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

திருநீற்றுக்குக் கீழே வட்டம் வட்டமாக மயிர் கொட்டிச் செதில் கட்டியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். முந்தின வருடம் எங்கள் ஆட்டுக்குச் சொறி வந்தபோது, மற்ற ஆடுகளுக்கும் தொற்றிவிடும் என்று ஐயா அதை அவிழ்த்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் கயிறு மட்டும் இருந்தது. கன்றுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். ஆனால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் விட முடியவில்லை. கொஞ்ச நாளில் என் தோளுக்குக் கீழேயும் ஒரு வட்டம் வந்து அரித்துக் கடித்தது. அதைச் சட்டைக் கை மறைத்துக்கொண்டது.

அந்த வருடம்தான் காங்கேசன்துறையிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து மாமியும் மச்சானும் எங்களோடு வந்திருந்தார்கள். மாமி ஐயாவின் தங்கை. மச்சான் அவருடைய ஒரே மகன், என் வயதுக்காரன். மாமி பயங்கரமாகச் சுத்தம் பார்க்கிற மனுஷி. கழுவி வைத்த பேணியை இன்னொரு தடவை கழுவித்தான் தண்ணீர் குடிப்பார். அப்படிப்பட்டவருடைய மகனின் கழுத்தில் ஒரு நாள் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. மாமியின் முகம் செத்துப்போயிற்று.

ஊர்ப் பரியாரியார் பார்த்தவுடனேயே "படர்தாமரை" என்றார். ஒரு தோல் வருத்தத்துக்கு இவ்வளவு வடிவான பெயரா என்று எனக்கு ஆச்சரியம். வண்டுகொல்லி இலையைத் தேசிக்காய்ப் புளியில் அரைத்துப் பூசச் சொன்னார்.

"மறைஞ்சு போச்சுதெண்டு விட்டிடாதேங்கோ, பிறகும் ரெண்டு கிழமை பூசவேணும். ஒரு துவாயாலை ரெண்டு பேர் துடைக்கக் கூடாது. உடுப்பை அவிச்சு நல்ல வெயில்லை போடுங்கோ."

எங்கள் கிணற்றடியில் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே துவாய்தான். முதலில் குளிப்பது நான். நான் துடைத்த துவாயால் மச்சான் துடைப்பான்.

அன்று குசினியில் அம்மா ஐயாவிடம், "பாவங்கள், பள்ளிக்கூடத்து முகாமிலை சனத்துக்கை சனமாக் கிடந்து வந்ததுகள்தானே. அங்கைதான் தொத்தியிருக்கும்" என்றார். அம்மா இரக்கத்தில்தான் சொன்னார். தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்ற மாமியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மறுநாள் பாய், பேணி, துவாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மகனோடு வெங்காயக் கொட்டிலுக்குக் குடிபோனார். கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் கன்று கட்டியிருந்தது. தனித்துப்போன மச்சானுக்குக் கொஞ்சி விளையாட வேறு ஆளில்லை. ஒரு வட்டம் நான்காகியது.

"அண்ணை, எங்களுக்கு வேறை இடம் ஒண்டு பாருங்கோ. உங்கடை பிள்ளைக்கும் தொத்தப்போகுது" என்று மாமி ஒரு நாள் ஐயாவிடம் சொன்னதைக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் கன்று போய்விடும். சொல்லாவிட்டால் மாமியும் மச்சானும் போய்விடுவார்கள். எனக்கு எல்லோரும் வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டேன்: திருநீற்றை இன்னும் கொஞ்சம் கூடப் பூசினேன்.

அது சவர்க்காரம் கண்ணில் படாத பொருளாதாரத் தடைக்காலம். பனம்பழம் பிசைந்த தண்ணீரில்தான் உடுப்புத் தோய்ப்போம். அழுக்குப் போகும், வாசம் போகாது. ஒரு மத்தியானம், நான் பூசி முடித்த கையோடு, கன்று கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த மாமியின் நல்ல சேலையைச் சப்பத் தொடங்கியது. மாமி ஒரு தலைப்பைப் பிடித்து இழுக்க, கன்று மறு தலைப்பை விடாமல் இழுக்க, நடுவில் சேலை கிழிந்தது. அந்த இழுபறியில் கன்றின் முகத்துத் திருநீறெல்லாம் சேலையோடு வந்துவிட்டது.

மாமி கன்றின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையைக் காட்டு, பிள்ளை."

நீட்டினேன். ஐந்து விரலிலும் திருநீறு. மாமி என் சட்டைக் கையை மேலே தள்ளி அங்கிருந்த வட்டத்தையும் பார்த்தார். அது மச்சானுடையதைவிடப் பழசு, பெரிசு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமி கிழிந்த சேலைத் தலைப்பால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டார்.

"மச்சாள், இஞ்சை ஓடி வாங்கோ! என்ரை பெடியன் பிள்ளைக்கும் கன்றுக்கும் தொத்த வைச்சிட்டான்!"

ஐயா கயிற்றை எடுத்தபோது மாமிதான் தடுத்தார். "கன்றை ஒண்டும் செய்யாதேங்கோ, அண்ணை. நான் பூசி மாத்திறன்." மூன்று பேரையும் வரிசையில் நிறுத்திப் பச்சையாகப் பூசிவிட்டார். அசையாமல் நின்றது கன்று மட்டும்தான். கிழிந்த சேலையை வெட்டி, கன்றுக்கும் சேர்த்து, ஆளுக்கொரு துவாய் தைத்தார். இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் வட்டங்கள் மாறி மறைந்தன. மாமியும் மச்சானும் திரும்ப வீட்டுக்குள் வந்தார்கள்.

பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு திரிந்தேன். மாமி அன்று மற்றவர்கள் வருமுன் என் விரல்களைத் துடைத்தது, அவர் சுத்தம் பார்க்கிற மனுஷி என்பதால்தான் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.