கீழறைச் சுவரில் நீலம்

எங்கள் வீட்டுக் கீழறையில் கசிந்த தண்ணீருக்கு அம்மா வாசலில் போட்ட கோலம்தான் காரணம் என்று ஒரு மனிதர் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மராத்தி பேசுகிற ஹடப்சரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் சேர்மன் அவர். பக்கத்து வீட்டுக்காரரும் அவர்தான். சரிவான நிலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள். மேலே அவர் வீடு, அதற்குக் கீழே எங்கள் வீடு, நடுவில் ஒரு மதில். எங்கள் வீட்டுக்கு அடியில், பாதி மண்ணுக்குள் இறங்கினாற்போல் ஓர் அறை இருந்தது. பழைய சாமான் போட என்று பில்டர் கட்டிக்கொடுத்தது. அப்பாவின் அக்கா கோயம்புத்தூரில் தன் புருஷன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கியபோது அது அத்தையின் அறையாயிற்று. ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொம்மைக்குச் சட்டை தைத்துத் தர ஆள் கிடைத்ததே போதும் என்று நானும் கேட்கவில்லை.

அத்தை அங்கே ஒரு தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். முதலில் வந்தவள் சேர்மனின் மனைவி. அவளை நான் காகு என்பேன், அவரைக் காகா என்பேன். அந்த ஊரில் சித்தியையும் சித்தப்பாவையும் கூப்பிடுவது அப்படித்தான். காகுவுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு மராத்தி தெரியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓட்டை இந்தியில் மணிக்கணக்காகப் பேசினார்கள். அளவு எடுக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று அம்மாகூடக் கேட்டதுண்டு.

அந்த அறையின் சுவர்தான் அழுதுகொண்டே இருந்தது. கொத்திப் பூசினோம், கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. வாட்டர்ப்ரூஃப் அடித்தோம், அதற்கும் அதே கதிதான். அத்தைக்கு இழுப்பு வந்தது. யாரோ கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பட்டுத்துணியில் பூஞ்சை பிடித்தது. மேலே இருந்ததோ இரண்டே அறைகள். கீழறையைப் பூட்டிவிட்டால் அக்கா எங்கே இருப்பாள் என்று அப்பா கேட்க, கோயம்புத்தூருக்கே போய்விடுகிறேன் என்று அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

அப்பா காகாவிடம் போய் முறையிட்டபோது, மழைக்காலத்தில் மண்ணுக்குள் ஊற்று எடுக்கும், யார் என்ன செய்ய முடியும் என்றார். மழை நின்று மாதங்கள் ஆகியும் கசிவு நிற்கவில்லை. அப்போதுதான் கோலத்தைக் கண்டுபிடித்தார். நீங்கள் மதராஸிகள் தினமும் வாசலில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுகிறீர்களே, அது எங்கே போகும் என்று நாலு பேர் எதிரில் கேட்டார். அம்மா தெளிப்பது ஒரு சொம்புத் தண்ணீர். அதையும் நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் வாசலைத் துடைத்துக் கோலம் போட்டாள். சுவர் அப்படியே இருந்தது. மண் குடித்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வற்றாது என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார் காகா.

ஹோலி முடிந்து ரங்கபஞ்சமி வந்தது. காகா வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லும் வடிகாலுமான மோரியைச் சுற்றி, தெருப்பிள்ளைகள் எல்லாரும் நாள் முழுக்கச் சாயம் ஊற்றி விளையாடினோம். தலை முதல் கால் வரை ரோஜா நிறத்தில் வீடு திரும்பினேன். குளித்து முடித்து வெளியே வந்த என்னை அம்மா காதைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனாள். அத்தையின் சுவர் அடியில் ரோஜா நிறத் திட்டு. கையைச் சுவரில் துடைத்தாயா என்று முதுகில் ஓர் அறை. நான் கீழே வரவேயில்லை என்று சத்தியம் செய்தேன். பொய் சொன்னதற்காக இன்னோர் அறை விழுந்தது.

அத்தைதான் குனிந்து பார்த்தாள். திட்டு கட்டிலுக்குப் பின்னால் போயிற்று. கட்டிலை இழுத்தோம். யார் கையும் போக முடியாத மூலையில், தரையும் சுவரும் சேரும் விரிசலிலிருந்து, ரோஜா நிறத் தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

"கொழந்தைய வீணா அடிச்சுட்டியே," என்றாள் அத்தை அம்மாவிடம்.

அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் தட்டிவிட்டேன்.

அப்பாவும் அத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போனார்கள். காகா சிரித்தார். என் கன்னத்தைத் தட்டி, இவள் உடம்பு முழுக்கச் சாயம், குளித்த தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று கேட்டார். எங்கள் குளியலறை வீட்டின் மறுபக்கம் இருக்கிறது. அப்பா அதைச் சொன்னார். அத்தை தன் ஓட்டை இந்தியில், நாளைக்கு எல்லார் முன்னாலும் உங்கள் மோரியில் ஒரு பாட்டில் சொட்டு நீலம் ஊற்றிப் பார்ப்போம் என்றாள். காகாவின் சிரிப்பு போய்விட்டது. என் வீட்டு மோரியில் என்ன ஊற்றுவது என்று எவளும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். காகு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தயிரில் செய்த ஸ்ரீகண்ட் இனிப்பை ஊட்டுகிற காகு, எங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அத்தைக்குக் காபி கொண்டுபோனேன். விரிசலிலிருந்து நீலம் வந்திருந்தது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கூப்பிடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் கீழறைக்கு இறங்கிப் போய் நீலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இனி கோலத்தின் மேல் பழி போட முடியாது. நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன்.

காகா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் வீட்டு மோரியில் நீலம் ஊற்றியது யார்?

பின்வரிசையில், என் பக்கத்து நாற்காலியில் காகு உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை வலது கையில் சுற்றியிருந்தாள். சுற்று நெகிழ்ந்த இடத்தில் விரல்கள் தெரிந்தன. நகக்கண்ணெல்லாம் நீலம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

நான்தான் ஊற்றினேன், அன்றைக்கு விடியற்காலையில் மதில் ஏறிக் குதித்து ஊற்றினேன் என்றாள்.

முழங்கால் வலியில் எங்கள் வீட்டுப் படியைப் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவாள் என் அத்தை. ஒருவரும் நம்பியிருக்க முடியாது. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அடுத்த வீட்டில் திருட்டுத்தனமாக நுழைந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் காகா. அத்தை கேட்டாள். இரண்டு கையையும் கூப்பி, எல்லார் முன்னாலும் கேட்டாள். நியாயம் முழுக்க எங்கள் பக்கம் இருக்க, மன்னிப்பும் நாங்கள்தான் கேட்டோம்.

மறுவாரம் பிளம்பர் வந்து காகா வீட்டு டைல்ஸை உடைத்தார். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று காகா, தெருச் சாக்கடைக்குப் போகிற குழாயைப் பாதியிலேயே அடைத்து மேலே தளம் போட்டிருந்தார். மோரித் தண்ணீர் அத்தனையும் எங்கள் அஸ்திவாரத்தில் இறங்கியிருந்தது. குழாயைச் சரிசெய்தார்கள். அப்பா எங்கள் சுவரை ஒட்டி வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓட வழி செய்தார். அடுத்த மழைக்குச் சுவர் நனையவில்லை. அத்தை கோயம்புத்தூர் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு மட்டும் ஆறவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தருகிறவர்கள் இப்படி ஊர் கூடின இடத்தில் பொய் சொல்லலாமா? கூட்டம் முடிந்த அன்றே கீழறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். காகு விரலை என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

அத்தை மெஷினை நிறுத்தினாள். "நீ ஒண்ணும் பாக்கலீ கண்ணு. ஆரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லோணும்."

அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. செய்ததைச் சொல்லாத காகுவையும் செய்யாததைச் சொன்ன அத்தையையும் ஒரே தட்டில் வைத்து வெறுத்தேன். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காகா கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராகத் தன் மனைவியைத்தான் பார்த்தார் என்று வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அவர் கண்ணைப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்க்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் அவள்.